ஒற்றைப் பலகை

சங்கத் தலைவன் அப்பாசாமியைப் பதவியிலிருந்து இறக்குவதா என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டு நடந்துகொண்டிருந்த நேரத்தில், கருப்பண்ணன் சுலைமான் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஓட்டுக்குப் போகக் கூடாது என்று படகுத்துறை முழுக்கச் சொல்லி வைத்ததே அவன்தான்.

கடல் கடந்து வந்து க்யிம்யிண்டைங் ஆற்றோரத்து அரிசி மில்லுக்கு நெல் மூட்டை சுமக்கிறவர்களுக்கு ஒரே ஓர் ஆயுதம்தான் தெரியும். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்காருவது. போன மழைக்காலத்தில் அப்படி உட்கார்ந்துதான் படகுக்கும் துறைக்கும் நடுவே இரண்டாவது பலகையை வாங்கினார்கள். அதற்கு முன் ஒரே பலகை. சுமையோடு ஏறுகிறவனும் வெறுங்கையோடு இறங்குகிறவனும் நடுவில் முட்டிக்கொள்வார்கள். யாராவது ஒருவன் பக்கவாட்டில் திரும்பி, பாதிக் கால் காற்றில் நிற்க, மற்றவனுக்கு வழி விட வேண்டும்.

போராடி வாங்கிய அந்தப் பலகையைத்தான் அப்பாசாமி விட்டுக்கொடுத்தான். அவனும் மூட்டை சுமந்தவன்தான். நம்ம ஆள் என்று கை தூக்கித் தலைவனாக்கினார்கள். மில் துரை தன் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததும் அவனுக்கு முதுகெலும்பு இளகிவிட்டது. இன்னொரு படகைக் கட்டி நிறுத்த இடம் வேண்டுமாம், ஒற்றைப் பலகை போதும் என்று ஒப்புக்கொண்டு வந்தான். கொஞ்ச நாளில் அவன் மச்சான் அந்தப் புதுப் படகுக்கு மேஸ்திரி. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, கருப்பண்ணனின் தம்பி மாரிச்சாமி எதிரே வந்தவனுக்கு வழி விடத் திரும்பி, மூட்டையோடு படகுக்கும் தூணுக்கும் இடையில் விழுந்தான். இடுப்பு நசுங்கிவிட்டது. கொட்டகையில் பாயோடு கிடக்கிறான்.

இறக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்ட மனுவில் கருப்பண்ணனும் கைநாட்டு வைத்தவன். ஆனால் கூட்டத்துக்கு நாள் குறித்து அறிவித்தவன் அப்பாசாமி. அதைக் கேட்டதும் இவனுக்கு மண்டை சூடேறியது. அவன் கூப்பிட்டு நாம் போவதா, உட்காருங்கள், ஒருத்தனும் அசையாதீர்கள் என்றான். உட்காருவது எல்லோருக்கும் பழக்கமான வேலை. உட்கார்ந்துவிட்டார்கள்.

"கூட்டத்துல ஈ ஓட்டுறாங்களாம்ணே," என்றான் பக்கத்தில் இருந்த வடிவேல். மாரிச்சாமியோடு ஒரே கும்பலில் சுமந்தவன். "தலைவரு தனியா உக்காந்து தலையச் சொறியிறாராம்."

"சொறியட்டும். மானம் இருந்தா தானா எறங்குவான்."

"மானமா? மச்சான் மேஸ்திரியான அன்னிக்கே அத ஆத்துல விட்டாச்சே."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சுலைமான் இன்னொரு சுற்று டீயும் தட்டு நிறைய சமூசாவும் கொண்டுவந்து வைத்தார். கருப்பண்ணன் மடியை அவிழ்த்தான்.

"வேணாம் தம்பி," என்றார் சுலைமான். "அப்பாசாமி சொல்லிட்டுப் போனாரு. ஓட்டு முடியிற சங்கு ஊதுற வரைக்கும் பெஞ்சுல இருக்கிற ஆளுக்கெல்லாம் அவரு செலவாம்."

"அவனா? எதுக்கு?"

"எந்திரிச்சுப் போறவனுக்குக் கெடையாதாம். அத மட்டும் அழுத்திச் சொன்னாரு. நான் கடைக்காரன், எனக்கென்ன."

கருப்பண்ணன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். சங்கம் ஆரம்பித்த நாளில் எழுத்தர் அமீர் அலி விதிகளைப் படித்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. தலைவனை இறக்கும் ஓட்டுக்குச் சங்கத்தில் பாதிப் பேராவது வர வேண்டும். வராவிட்டால் ஓட்டு செல்லாது. அதைக் கேட்டுக் கை தட்டியவர்களில் இவனும் ஒருவன். அப்பாசாமியின் ஆட்களிலும் பெரும்பாலோர் காலையிலிருந்து கொட்டகையை விட்டு நகரவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. மில்லில் உட்கார்ந்தால் நஷ்டம் துரைக்கு. இங்கே உட்கார்ந்தால் லாபம் அப்பாசாமிக்கு.

"எந்திரிங்கடா."

"நீதானண்ணே உக்காரச் சொன்னே?" என்றான் வடிவேல்.

"புத்தி கெட்டுச் சொன்னேன். எந்திரி. நாம குடிக்கிறது அவன் டீ."

"காலையில ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சா? குடிச்சிட்டு வரேன், போ. நான் ஒருத்தன் வராட்டி என்ன கொறஞ்சிடப் போவுது?"

நாலைந்து பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் சமூசாவைப் பார்த்தார்கள். கருப்பண்ணன் கொட்டகை கொட்டகையாக ஓடினான். ஒருவன் துணி துவைத்துக்கொண்டிருந்தான், நனைந்த கைலியோடு எப்படி வருவது என்றான். ஒருவன் சீட்டைக் கீழே வைக்காமல், எவன் வந்தாலும் நம்ம முதுகுலதானே மூட்டை என்றான். கருப்பண்ணன் அவன் சீட்டைப் பிடுங்கி வீசினான். அப்படியும் அவன் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் கொட்டகைக்கு நாலைந்து பேராவது கிளம்பினார்கள்.

கடைசிக் கொட்டகையில் மாரிச்சாமி பாயிலிருந்து கையை நீட்டினான். "எனக்கும் ஒரு ஓட்டு இருக்குல்ல? தூக்குண்ணே."

முதுகில் தூக்கிக்கொண்டு டீக்கடை வழியாகத்தான் போனான். பெஞ்சில் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் எழுந்து பின்னால் வந்தார்கள். வடிவேல் கிளாஸுக்குள் குனிந்துகொண்டான்.

சங்கக் கொட்டகையில் இரண்டு பானைகள் இருந்தன. கறுப்புப் பானை, அப்பாசாமி இறங்கட்டும் என்பதற்கு. சிவப்பு, இருக்கட்டும் என்பதற்கு. கூலிக் கணக்குக்காக மூட்டைக்கு ஒன்றாக மேஸ்திரி கொடுக்கும் மூங்கில் குச்சிதான் ஓட்டு, ஆளுக்கு ஒன்று. மாரிச்சாமி அண்ணன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கறுப்புப் பானையில் குச்சியைப் போட்டான். "மூட்டைய மெதுவா எறக்குண்ணே," என்றான்.

சங்கு ஊதியது.

அமீர் அலி பானைகளைக் கவிழ்த்தார். கறுப்பிலிருந்து குச்சிகள் கொட்டின. சிவப்பிலிருந்து விழுந்தவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கின. இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பாதி வரல, கருப்பண்ணா. கொஞ்சம்தான் கொறையுது. ஆனாலும் செல்லாது."

"வந்தவன்ல முக்காவாசிப் பேரு வேணாம்னுதானய்யா போட்டிருக்கான்?"

"வராதவன் எல்லாம் இருக்கட்டும்னு சொன்ன மாதிரிதான். விதி அது. மறுபடி மனு குடுத்தா அடுத்த மாசம் வைக்கலாம்."

அப்பாசாமி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "தம்பிக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான். கருப்பண்ணன் அவன் மேல் பாயாமல் இருந்ததற்கு ஒரே காரணம், முதுகில் தம்பி இருந்தான்.

திங்கட்கிழமை காலை ஆறு ஏறியிருந்தது. படகு ஆட, பலகையும் ஆடியது. கருப்பண்ணன் மூட்டையைத் துறையில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு பலகையில் இறங்கினான். எதிரே வடிவேல் மூட்டையோடு ஏறி வந்தான். நடுவில் சந்தித்தார்கள்.

"ஒதுங்குண்ணே."

கருப்பண்ணன் ஒதுங்கவில்லை.

"அண்ணே, மூட்டை அழுத்துது. தள்ளுண்ணே."

"எங்க தள்றது? எடம் இருக்கா பாரு. மாரிச்சாமியும் இங்கதான் தள்ளினான்."

"அப்பாசாமி பண்ணதுக்கு நான் என்னண்ணே செய்வேன்?"

"அப்பாசாமி பண்ணது போன மாசம். நேத்து இந்தப் பலகையப் போட்டது யாரு? அந்த பெஞ்சுல உக்காந்திருந்த நீ. உங்கள எல்லாம் உக்கார வெச்ச நான்."

வடிவேல் மூட்டையைப் பிடரியில் ஏற்றிப் பிடித்தான். கீழே படகுக்கும் தூணுக்கும் நடுவில் தண்ணீர் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது.

"அடுத்த மாச ஓட்டுக்கு மனு வருது. கைநாட்டு வைப்பியா?"

"வெக்கிறேன்."

"ஓட்டுக்கு வருவியா?"

"வரேன்ணே. சத்தியமா வரேன். வழி விடு."

கருப்பண்ணன் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நடந்து துறையில் ஏறினான். வடிவேல் மூட்டையைப் போட்டுவிட்டு அதன் மேலேயே சரிந்து உட்கார்ந்தான். கருப்பண்ணன் அதற்குள் திரும்பிப் பலகையின் பாதிக்குப் போய்விட்டான். அங்கே அடுத்த ஆள் மூட்டையோடு ஏறி வந்துகொண்டிருந்தான். நேற்றுச் சீட்டாடியவன்.

கருப்பண்ணன் மறுபடியும் நடுப்பலகையில் நின்றான்.