முழுப்பேர்

கலை முகாமைத்துவம் என்று ஒரு படிப்பு இருப்பதை என் நாற்பத்தாறாவது வயதில்தான் கேள்விப்பட்டேன். கேட்ட அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்கு டிவிஷன் சுலக்ஷனா, மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றுவதற்கு ஒரு வாரம் முன்னால், தலவாக்கலை டவுனில் என் ஆட்டோவை மறித்து ஏறினாள். தோட்டத்துக்கு வரும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். கொழும்பு கெம்பஸில் எம்.ஏ. படிக்கிறாளாம். எங்கள் காமன் கூத்தைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறாளாம்.

"என்னா எம்.ஏ. பாப்பா? தமிழா?"

"இல்ல மாமா. கலை முகாமைத்துவம்."

எங்கள் தோட்டத்தில் முகாமைத்துவம் என்றால் அது பங்களாவில் இருந்து தோட்டத்தை நடத்தும் துரை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஒட்டுகிற நோட்டீஸின் அடியில் 'முகாமைத்துவம்' என்றுதான் போட்டிருக்கும். அந்த நோட்டீஸில் இதுவரை ஒரு நல்ல சேதி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"தேயிலைக்கு ஒரு தொர போதாதுன்னு இப்ப கூத்துக்கும் ஒரு தொரயா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கூத்துக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். பத்தொன்பது வருஷமாக ரதி வேஷமும் நான்தான். மன்மதனைச் சிவன் எரித்துச் சாம்பலாக்கிய பிறகு, மீசையை வழித்து, சேலை கட்டி, பொட்டலில் நின்று நான் புலம்பினால் மேற்கணக்குப் பெண்கள் அத்தனை பேரும் அழுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், இருந்தாலும் உண்மை.

சுலக்ஷனா அழவில்லை. நான் புலம்பிக்கொண்டிருக்கிறேன், அவள் ஜெனரேட்டருக்கு யார் டீசல் ஊற்றுகிறார்கள் என்று பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். யார் சமைக்கிறார்கள், சேலை யார் வீட்டு இரவல், கூட்டம் எத்தனை மணிக்குக் கலைகிறது, எல்லாம் அந்தக் கொப்பிக்குள் போயிற்று. கூத்தைப் பார்க்க வந்தவள் கூத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தால் சந்தேகம் வருமா வராதா?

கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"மாமா, இத்தன நாளு கூத்து நடக்குதே, எல்லாம் வேல நாளுங்க. ஆம்பளைங்க எப்புடி வர்றாங்க?"

"சாமி காரியம், வருவாங்க" என்று பேச்சை வெட்டினேன்.

நான் வெட்டியதை மாயாண்டி அண்ணன் ஒட்டவைத்துவிட்டார். வீரபத்திரன் வேஷம் கட்டுபவர் அவர். பொட்டலில் அரிவாளோடு இறங்கினால் பிள்ளைகள் அலறும். வேஷம் கலைந்தால் பூனைகூட அவருக்குப் பயப்படாது. கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிற ஆள். சுலக்ஷனாவிடமும் சொல்லிவிட்டார். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பாராம். மற்றவர்கள் தேயிலையைக் கவ்வாத்து வெட்ட மலையேறும்போது இவர் கம்பம் வெட்டவும் ஒத்திகைக்கும் வந்துவிடுவாராம். அவர் வேலைக்கு வந்ததாகக் கங்காணி பொன்னையா செக்ரோலில் முழுப்பேர் போட்டுவிடுவாராம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்களுக்குப் பேர் என்பது அப்பா அம்மா வைத்தது மட்டுமில்லை. ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைத்தால் பேர் பதிந்தாயிற்று. வேலை போனால் பேர் வெட்டியாயிற்று. பாட்டன் காலத்தில் வாக்காளர் இடாப்பிலிருந்தே எங்கள் பேரை எடுத்தார்கள். அதனால் பேர் என்று யாராவது வாயைத் திறந்தால் நாங்கள் கைவேலையைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுப்போம்.

சித்திரையில் நுவரெலியாவுக்கு ஆள் ஏற்றி ஒரு ஹயர் போனபோது சுலக்ஷனாவைப் பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில் பார்த்தேன். கறுப்புக் கோட்டுப் போட்டு, ஃபைலோடு ஒரு வெள்ளைக்காரனுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள். அத்தோடு எனக்குக் கணக்கு சரியாகிவிட்டது. ஹோட்டல்காரனுக்கு எங்கள் கூத்தைக் கூட்டிக் கொடுக்கப் போகிறாள். சனி ஞாயிறுகளில் அங்கே வேலை செய்துதான் படிப்புச் செலவைச் சமாளித்தாள் என்பது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் கமிட்டி ஆட்களிடம் சொன்னேன். சுருதி சேர்த்துச் சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் நாங்கள் குடியிருக்கிற லயம் முழுக்க அவளை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது.

ஆடி மாதம் எழுதி முடித்ததைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். கூத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரும் வாசித்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். கையெழுத்து இல்லையென்றால் கெம்பஸில் ஆய்வை எடுக்க மாட்டார்கள். ஆய்வு இல்லையென்றால் பட்டம் இல்லை. ரெண்டு வருஷம் வீண். அவளுடைய அம்மா இன்னும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்தேன். 'பங்கேற்பாளர் 1 கூறியதாவது.' 'பங்கேற்பாளர் 4 கூறியதாவது.' பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சின்னராசா என்ற என் பேர் ஓர் இடத்திலும் இல்லை. மாயாண்டி இல்லை, பொன்னையா இல்லை. தோட்டத்தின் பேரைக்கூடக் காணோம். கடைசியில் அவளுடைய பேர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"எங்க பேர வெட்டிட்டியா?" என்று கத்தினேன்.

"வெட்டல மாமா. மறைச்சிருக்கேன். இது ஆய்வு விதி. நீங்க சொன்னதால உங்களுக்கு ஒரு பாதிப்பு வந்துடக்கூடாதுன்னுதான்."

"பத்தொம்பது வருசம் ஆடுனவன் ஒண்ணாம் நம்பரு. படிச்சவளுக்கு மட்டும் முழுப்பேரா?"

கமிட்டி ஆட்கள் என் பக்கம் தலையாட்டினார்கள். அவள் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டாள்.

"மாமா, அறுவத்திரெண்டாம் பக்கத்தப் பாருங்க. மாயாண்டி தாத்தா சொன்னது அதுலதான் இருக்கு. இந்தக் கூத்து எப்புடி இத்தன வருசம் நிக்குதுன்னு யாரும் எழுதுனதில்ல. கங்காணி போடுற முழுப்பேருதான் கூத்தத் தாங்கி நிக்குது. என் ஆய்வே அதுதான். பேரப் போட்டா தாத்தாவுக்கும் கங்காணிக்கும் வேல போயிரும்."

"எழுதாம விட வேண்டியதுதானே?"

"சொல்லுங்க, அந்தப் பக்கத்தையே எடுத்துடுறேன். மார்க்ஸ் கொறையும், பரவால்ல. ஆனா பேரு மட்டும் வேணாம் மாமா."

நல்ல வார்த்தை. இன்றைக்கு யோசித்தால் அதைவிட நல்ல வார்த்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு என் புத்தி எப்படிப் போயிற்று என்றால், பேர் இல்லாத கூத்தை யாருக்கும் விற்கலாம், அதனால்தான் இவ்வளவு கெஞ்சுகிறாள் என்று போயிற்று.

"பக்கத்தையும் எடுக்கக் கூடாது. பேரும் வேணும். எல்லார் பேரும் முழுசா வேணும். இல்லாட்டி ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான்."

மாயாண்டி அண்ணனுக்கு மட்டும் தயக்கம். அந்த வீட்டில் பேர் பதிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய மனைவி ராசம்மா வேலையிலிருந்து நின்றாயிற்று, மகன் கொழும்பில். அவருடைய பேர் போனால் தோட்டம் கொடுத்த லயக் காம்பராவையும் காலி பண்ணச் சொல்வார்கள். "நம்பரே இருந்துட்டுப் போகட்டுமே தம்பி" என்றார். கெம்பஸ் புத்தகத்தைத் தோட்டத்தில் எவன் வாசிக்கப் போகிறான் என்று நான்தான் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்று போட்டுவிட்டார். 'என் பெயரை வெளியிடச் சம்மதிக்கிறேன்' என்ற வரியின் அடியில், கோணல்மாணலாக, முழுப்பேர். கங்காணி பொன்னையாவும் போட்டார்.

காகிதங்களை வாங்கும்போது சுலக்ஷனா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்கழியில் பட்டம் நிச்சயமாயிற்று. தடித்த அட்டை போட்ட பிரதி ஒன்றை என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். திறந்தால் முதல் நன்றியே 'ரதியாக ஆடும் திரு. பெ. சின்னராசா அவர்களுக்கு'. என் பேரை அச்சில் பார்த்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ரெண்டு நாள் அதை ஆட்டோவிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

மூன்றாம் நாள் தோட்டத்து ஒபீசுக்கு ஒரு பார்சல் ஏற்றிப் போனேன். பெரிய கிளாக்கர் வெளியே நின்றார். எங்களை அவர் என்றைக்கும் மதித்ததில்லை. வாய் சும்மா இருக்குமா?

"பாத்தீங்களா சேர், எங்க பேரெல்லாம் கெம்பஸ் புஸ்தகத்துல வந்துருக்கு" என்று நீட்டினேன்.

புரட்டினார். "அட, பரவாயில்லையே. குடுத்துட்டுப் போங்க சின்னராசா, ஆறுதலா வாசிச்சுட்டுத் தர்றேன்" என்றார். முதல் தடவையாக என்னை நீங்க என்று பேசினார். அந்த ஒரு 'ங்க'வுக்காகப் புத்தகத்தை விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் மாயாண்டி அண்ணனுக்கும் பொன்னையா கங்காணிக்கும் கடிதம் வந்தது. வேலை செய்யாத நாளுக்குப் பொய்ப் பேர் பதிந்த குற்றம். யூனியன் தலைவர் ஒபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். "வாய்ப்பேச்சுன்னா மறுத்துறலாம். இது அச்சுல இருக்கு, கையெழுத்தும் இருக்கு. நான் என்னத்தப் பேசுறது?" என்றார். தை பிறப்பதற்குள் ரெண்டு பேருடைய பேரையும் வெட்டிவிட்டார்கள்.

லயத்தில் யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுலக்ஷனாதான் காட்டிக்கொடுத்தாள், ஹோட்டல்காரனுக்கும் துரைக்கும் கூட்டு. நான் ஏற்கெனவே உழுது விதைத்த நிலம் அல்லவா? தண்ணி பிடிக்கிற பீலியடியில் அவளுடைய அம்மாவை யாரும் குடம் வைக்க விடவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அவளே கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"யாரு மாமா காட்டுனது?"

"தெரியல பாப்பா."

"நான் ரெண்டு பிரதிதான் மாமா அடிச்சேன். ஒண்ணு கெம்பஸ்ல இருக்கு."

மற்றது என் கைக்குத்தான் வந்தது. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழம வந்து நான்தான் காட்டுனேன்னு சொல்லிட்டுப் போறேன். நான் இல்லாட்டியும் கூத்து நடக்கும் மாமா. நீங்க இல்லாட்டி நடக்காது."

சொன்னபடி வந்தாள். மாயாண்டி அண்ணன் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றைக்கு ஹட்டனில் ஹயர் இருப்பதாகச் சொல்லிவிட்டு, வெறும் ஆட்டோவில் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் ஒரு சின்னப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று நினைக்க நினைக்க சோறு இறங்கவில்லை. கூத்துக்குத் துரை என்று அவளைக் கிண்டல் பண்ணினேன். எந்தத் துரை எங்களுக்காகப் பழியை ஏற்றிருக்கிறான்?

அடுத்த ஞாயிறு கமிட்டியைக் கூட்டினேன். ராசம்மா அக்காவும் அண்ணனும் வந்திருந்தார்கள்.

"புஸ்தகத்த ஒபீசுல குடுத்தது நான்தான். பேரப் போடச் சொன்னதும் நான்தான். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

மன்மதன் வேஷம் கட்டுகிற விஜிதரன் சிரித்தான்.

"என்னா மாமா, அவள காப்பாத்த இம்புட்டு பொய்யா?"

"பொய் இல்லடா. பெரிய கிளாக்கரக் கேளு."

"கிளாக்கரு சொன்னா நம்பணுமா? அவரும் அவங்க ஆளுதான்."

"நன்றின்னு மொதப் பக்கத்துல இவரு பேரத்தானே போட்டுருக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சும்மாவா போடுவா?"

ராசம்மா அக்கா எழுந்தாள். "அவளே எங்க ஊட்டு வாசல்ல வந்து ஒத்துக்கிட்டா. நீ எதுக்கு நடுவுல வர்ற? ஒனக்கும் அதுல பங்கு இருக்கோ என்னமோ!"

நான் கத்தினேன், சத்தியம் பண்ணினேன். கத்தக் கத்த அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகப்படுவதற்கு அவர்களைப் பழக்கியவன் நான்தான், நன்றாகவே பழகியிருந்தார்கள்.

மாயாண்டி அண்ணன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பேர் போன கோபத்தில் என்னை அடிக்கட்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையைக்கூட அசைக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"அந்தப் புள்ள பஸ்ஸுல எறங்கி அவ்வளவு தூரம் ஏறி வந்துச்சு சின்னராசா" என்றார். "உள்ள வான்னு கூடச் சொல்லாம, காறித் துப்பி அனுப்பிட்டேனே."

நான் ஆட்டோவை எடுக்க வெளியே வந்தேன். அந்தப் பிள்ளையைப் பார்க்கக் கொழும்புக்குப் போக எத்தனை மணிக்கு ரயில் என்று எனக்குத் தெரியாது.