இந்தத் தடவை மறக்கலை

சட்டையின் இடது கையைப் பலகையில் விரித்து இஸ்திரிப் பெட்டியை வைக்கப் போகும்போது கராஜில் அந்தச் சத்தம் கேட்டது. தகரத்தை இரும்பால் அடிக்கும் சத்தம். ஒரு அடி, இன்னொரு அடி, பிறகு எதுவோ கிழிந்து தெறித்தது.

மார்லிஸ் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பெட்டியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் கணவன் கிரேடியின் தம்பி ராய்ஸ், துப்பாக்கி அலமாரியின் கதவை நெம்பித் திறந்திருந்தான். ஒரு கையில் டயர் கழற்றும் கம்பி. இன்னொரு கையில் அண்ணன் மான் வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கி.

அவள் கண் கம்பியிலேயே நின்றது. முந்தாநாள் கோர்ட் வாசலில் கிரேடியின் தலையில் இறங்கியதும் இதே மாதிரிக் கம்பிதான். ஏழு அடி என்று போலீஸ்காரர் சொன்னார். மருத்துவமனையில் அவளுக்குக் காட்டியபோது கல்யாண மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

"அந்தக் கம்பியைக் கீழ போடு, ராய்ஸ்."

அவன் போட்டான். துப்பாக்கியைப் போடவில்லை. "தள்ளு."

"எங்க போற?"

"ஹாஸ்கின்ஸ் வீட்டுக்கு. வேற எங்க?"

"அடிச்சவன்தான் ஜெயில்ல இருக்கானே. ஜூரி அவன் அண்ணனைக் குற்றவாளின்னதும் பைத்தியம் மாதிரி அடிச்சான். அவனைப் பிடிச்சாச்சு."

"அப்பன் வெளியதான இருக்கான்? நல்லா யோசி மார்லிஸ். தீர்ப்பு சொல்லி முடிச்சதும் ஜூரில அண்ணனோட இருந்த மத்த பதினோரு பேரையும் காவலர் அவங்கவங்க கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பதினோரு பேர் பத்திரமா வீட்டுக்குப் போயாச்சு. என் அண்ணன் மட்டும் கோர்ட் படியில என்ன பண்ணிட்டிருந்தான்? இருபது நிமிஷம்! அந்தக் கிழவன்தான் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வெச்சிருக்கான். மகன் கம்பி எடுத்துட்டு வர்ற வரைக்கும்."

"யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? யாரு ரெண்டு வார்த்தை கேட்டாலும் உக்காந்து பதில் சொல்ற ஆளுதான என் அண்ணன்!"

அது உண்மைதான். தான் ஓட்டும் விமானம் தாமதமானால் விமானி அறையில் ஒளிந்துகொள்ளாமல் வெளியே வந்து பயணிகளிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். ராய்ஸ் சொன்ன கதையை யாரும் நம்புவார்கள். அவளே நம்பிவிடலாம். நம்பிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கும்.

அவள் கதவை அடைத்து நின்றாள். அவன் தோளால் முட்டினான். அவள் அசையவில்லை. அவன் துப்பாக்கியைக் குறுக்காகப் பிடித்து அவளைச் சுவரோடு தள்ளினான். தலை கதவு நிலையில் இடித்தது. அவள் கை தானாக முன்னே போனது. இஸ்திரிப் பெட்டி அவன் முழங்கையின் உட்புறத்தில் பதிந்தது.

ராய்ஸ் அலறினான். துப்பாக்கி சிமெண்டில் விழுந்தது. முடி கருகும் வாடை வந்தது.

"பைத்தியமாடி உனக்கு?"

"நான்தான்," என்றாள் மார்லிஸ். "நான்தான் அவனை நிறுத்தி வெச்சேன்."

அவன் கையைப் பிடித்தபடி பார்த்தான்.

"ஜூரிக்குப் போற நாள்ல பறக்காமலே கம்பெனி சம்பளம் போடும். ஆனா கோர்ட் விட்ட உடனே ஆபீஸுக்குக் கூப்பிட்டு நான் வந்துட்டேன்னு சொல்லணும். போன வருஷம் ஜூரிக்குக் கூப்பிட்டு, காலையில பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இவன் சந்தோஷமா வந்து புல்லு வெட்டிட்டிருந்தான். கூப்பிடவே மறந்துட்டான். மூணு நாள் சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க. நான் ஒரு வாரம் கத்தினேன். உனக்கே தெரியும்."

"தெரியும். எங்க வீட்டுல வந்து தூங்கினான்."

"செவ்வாய்க்கிழமை காலையில கார் கதவைப் பிடிச்சுட்டு சொன்னேன். வெளிய வந்த நிமிஷமே கூப்பிடு, வண்டியில ஏறின அப்புறம் இல்ல, வீட்டுக்கு வந்து இல்லன்னு."

அவள் பைஜாமா பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். ராய்ஸ் வாங்கவில்லை. குனிந்து படித்தான். உதடு மட்டும் அசைந்தது.

*வெளிய வந்துட்டேன். மத்தவங்க எல்லாரும் கிளம்பியாச்சு. ஆபீஸ் போன் லைன்ல எனக்கு முன்னால பதினாலு பேர். காத்திட்டிருக்கேன். இந்தத் தடவை மறக்கலை. திட்டாதே.*

"யார்கிட்டயும் காட்டலை," என்றாள். "அவன் அம்மாகிட்டகூட."

கராஜுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரி துக்க வீட்டுக்கென்று இன்னொரு வேகவைத்த பன்றி இறைச்சித் தட்டைப் படியில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் போய்க்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து இது நான்காவது.

ராய்ஸ் கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தான். அவள் அடியை எதிர்பார்த்து நின்றாள். திட்டையாவது எதிர்பார்த்தாள்.

"ஸ்கூல்ல அவன் வீட்டுப்பாடத்தைக்கூட மறக்கிறவன்," என்றான் கடைசியில். "நான்தான் பஸ்ஸுக்குப் பின்னாடியே தூக்கிட்டு ஓடுவேன்."

அவள் அவனை எழுப்பி, சமையலறைக் குழாய்க்கடியில் கையைப் பிடித்தாள். முக்கோண வடிவில் தோல் வெந்து போயிருந்தது. தண்ணீர் ஓடிய நேரம் முழுக்க இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு மணிக்கு அவனுக்குப் போடுற துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கணும்," என்றாள்.

"சவப்பெட்டியை மூடித்தான வெக்கப் போறாங்க?"

"ஆமா."

"ஷூ?"

"வேண்டாம்னாங்க."

அவன் நனைந்த கையோடு போய், வாசல் பக்கம் கிடந்த அண்ணனின் கறுப்பு ஷூவை எடுத்து வந்தான். தரையில் உட்கார்ந்து, ஒன்றை மடியில் வைத்து, நல்ல கையால் பிரஷ் போட ஆரம்பித்தான்.

மார்லிஸ் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை உருவி மாவு டப்பாவுக்குள் போட்டாள். இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி வயரைச் செருகினாள். பலகையில் விமானிச் சீருடையின் வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு பொன் பட்டைகளோடு, ஒரு கையை நீட்டிக் கிடந்தது.

இஸ்திரிப் பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடேறி அது அணைய அவள் காத்திருந்தாள்.