பிந்தி ஏறும் துடிப்பு

மச்சான் என்னைத் தேடி வந்தபோது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கூடத்தில் டிரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குள் இருப்பது வேறொருவருடைய இதயம். நரம்பை அறுத்துத்தான் எடுத்து வைப்பார்கள். கால் ஓடினாலும் ஆள் பயந்தாலும் அதற்கு உடனே தெரியாது. இரத்தத்தில் செய்தி கலந்து வந்த பிறகுதான் வேகமெடுக்கும். அதனால் பயிற்சி தரும் அக்கா மாற்று உறுப்பு வைத்த எங்களை அவசரப்பட விடமாட்டார்.

அறுவை முடிந்து நான் படுத்திருந்தபோது, எனக்கு மாற்றுத்துணி எடுத்து வரும் வழியில் என் மனைவி லாரியில் அடிபட்டுச் செத்துப்போனாள். என்னை வைத்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்று மச்சான்தான் செய்தி சொன்னார். தலையசைத்தேன். அழுகை வரவில்லை. அதை அவர் மறக்கவில்லை.

"என் தங்கச்சியை முழுங்கிட்டு நடை பழகுறீங்களா, மாப்பிள்ளை?"

சட்டையைப் பிடித்து இழுத்தார். கால் தடுக்கி என் முகம் கைப்பிடியில் மோதியது. முன்பல் ஒன்று நாக்கில் கிடந்தது. துப்புவதற்குள் காதோரம் அடுத்த குத்து.

"நெஞ்சுல அடிக்காதீங்க! எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு!" அக்கா கத்தினார்.

பக்கத்தில் பயிற்சி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த, மாற்றுக் கிட்னி வைத்த கிட்னி மாமா இறங்கி ஓடிவந்தார். "ஏம்ப்பா, ஸ்பேர் பார்ட்ஸ் போட்ட உடம்புப்பா, விடுப்பா!"

முழங்கையால் ஒரே இடி. மாமா டம்பெல் அடுக்கோடு சரிந்தார்.

உருண்டு வந்த டம்பெல்லை மச்சான் எடுத்தார். அப்போதுதான் என் நெஞ்சில் ஒட்டிய கருவியின் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்தார். என் துடிப்பு தொண்ணூற்றாறு. நடக்கும்போது இருந்த அதே எண்.

"பாருங்கய்யா! சாவடி அடிக்கிறேன், அசைய மாட்டேங்குது. இவனா அவளுக்காகத் துடிச்சிருப்பான்?"

தரையில் ஊன்றியிருந்த என் கைமேல் டம்பெல் இறங்கியது. விரல்கள் முறியும் சத்தம் கேட்டது. யாருடைய விரல்களோ போலப் பார்த்தேன்.

"ஒரு தடவை அழுடா அவளுக்காக!"

முயன்றேன். வரவில்லை. மறுபடி ஓங்கினார். சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளிகள் இருவர் அவர் கையைப் பின்னால் முறுக்கிச் சுவரில் அறைந்தார்கள். அவர் மூக்கு உடைந்தது.

எல்லாம் ஓய்ந்து, அக்கா என் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது திரை கூவத் தொடங்கியது. நூற்றுப் பத்து. நூற்று முப்பது.

"இப்ப யாரும் அடிக்கலையே. ஏன் ஏறுது?" சுவரோடு சுவராக மச்சான் கேட்டார்.

"அதுக்கு எல்லாமே லேட்டாத்தான் தெரியும்," என்றார் அக்கா, நிமிராமல்.

காவலாளிகள் மச்சானை வாசலுக்குத் தள்ளினார்கள். அவர் நகரவில்லை.

"இறங்கட்டும். பாத்துட்டுப் போறேன்."

"சீக்கிரம் இறங்காதுங்க."

"பரவாயில்ல."

நூற்று நாற்பது. முறுக்கிய கையை அவர்கள் தளர்த்தவில்லை. விடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.