ரோசாப்பூ போட்ட வாத்திறகுப் போர்வை

என் கணவர் விவேகானந்தன் பாரமில்லாத போர்வை ஒன்றைத் தைக்கத் தொடங்கியது, சமாதானப் பேச்சு முறிந்து கண்டி வீதிகளில் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்த வருடத்தில். நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இருந்தோம். எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்கள் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்கு முன் வீடு வந்துசேரப் பழகிக்கொண்டிருந்தபோது, இவருக்கு நக்கிள்ஸ் மலையில் படுத்தெழும்ப வேண்டும் என்ற ஆசை வந்தது.

ஆசைக்குக் காரணம் உண்டு. இவர் வேலை செய்யும் கந்தோரில் மலையேறும் குழு ஒன்று இருந்தது. கந்தோரில் இவர் ஒருவர்தான் தமிழர். முதல் பயணத்துக்கு எங்கள் வீட்டுக் கம்பளியைச் சுருட்டித் தோளில் கட்டிக்கொண்டு போனார். "விவேகானந்தன் வீட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்" என்று குழுத்தலைவர் சிரித்தாராம். தலைவரிடம் வெளிநாட்டுப் படுக்கைப் பை ஒன்று இருந்தது. சுருட்டினால் பேக்கரியில் வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவு. பதவி உயர்வு தராததைப் பொறுத்துக்கொண்ட மனிதர் அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

இன்ரநெற் கடையில் இருந்து தாள்தாளாக அச்செடுத்து வந்தார்.

"வாத்தின்ர நெஞ்சில, இறகுக்கு அடியில தூவி எண்டு ஒண்டு இருக்கு பாமா. அதை மெல்லிய நைலோனுக்குள்ள அடைச்சுத் தைக்கிறது. அவ்வளவுதான்."

அதுவரை ஒரு சட்டைப் பொத்தானும் தைத்தறியாதவர்.

தூவியும் துணியும் ரொறன்ரோவில் இருக்கும் இவருடைய தம்பி சோதிலிங்கம் அனுப்பியது. கலியாணம் ஒன்றுக்கு வந்த இரஞ்சிதம் மாமியின் பெட்டியில் கொழும்பு விமான நிலையத்தைத் தாண்டி வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று மாமிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பா.

பார்சலைப் பிரித்தோம். பச்சையும் மண்நிறமும் கறுப்பும் திட்டுத்திட்டாய்க் கலந்த துணி. சீருடைக்காரர் உடுக்கிற அதே அச்சு. வெளியாள் ஒருவர் அதில் ஒரு முழம் வைத்திருந்தாலே உள்ளே போடுவார்கள். வைத்திருப்பவர் பெயர் விவேகானந்தன் என்றால் எப்போது வெளியே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தொலைபேசியில் தம்பியைப் பிடித்தோம். "அது மான் வேட்டைக்குப் போறாக்கள் வாங்கிற துணி அண்ணை. மலிவாக் கிடந்தது."

"இஞ்ச மான் ஆர் எண்டு அவருக்கு மறந்துபோச்சுது" என்றேன் நான்.

எரிக்கச் சொன்னேன். நைலோன் எரிந்தால் ஒழுங்கை முழுக்க மணக்கும். குப்பையில் போட்டால் நாய் இழுத்துக்கொண்டு வீதிக்கு வரும். யாருக்கும் கொடுக்கவும் முடியாது. இவர் யோசித்து ஒரு முடிவு சொன்னார்: "தைச்சிட்டா அது துணி இல்லை, போர்வை."

தூவி அடைக்கிற வேலை படுக்கையறையில், கட்டிலுக்கு மேல் கட்டிய நுளம்பு வலைக்குள் நடந்தது. வெளியே வைத்து அடைத்தால் பறக்குமாம். முதல் நாளே மின்விசிறிக்குக் கீழே பையைத் திறந்து, அன்றைய புட்டில் தூவி தின்ற அனுபவம் எங்களுக்கு இருந்தது. வலைக்குள் சம்மணம் கட்டி, மீசையெல்லாம் வெள்ளையாக, பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்குக் காத்திருக்கிற பெண்போல மனிதர் இருந்தார். நான் வெளியே நின்று தேத்தண்ணியை வலைக்கு அடியால் நீட்டினேன்.

"உள்ளுக்குத் தடுப்புத் தடுப்பாத் தைக்க வேண்டாமே? படத்தில அப்பிடித்தானே கிடக்கு?"

"ஊசி போற இடமெல்லாம் குளிர் வருமாம். நான் தடுப்பில்லாமச் செய்யிறன். பாரமும் குறையும்."

இப்படியாகத் தலையணை உறை ஒன்று ஆளுயரத்துக்கு உருவாயிற்று.

இனி அந்த அச்சை மறைக்க வேண்டும். குழுவுக்கு வான் வண்டி ஓட்டி வருகிற ஜவாஹிருக்கு அக்குறணையில் துணிக்கடை இருக்கிறது. நம்பக்கூடிய மனிதர். கடையின் பின்னறையில் வைத்து விரித்துக் காட்டினோம். ஜவாஹிர் முதலில் கதவைச் சாத்தினார்.

"எனத்தியன் சேர் இது? ஒங்களுக்கு ஜெயில்ல போர்வ குடுக்க மாட்டாங்கன்னு இப்பவே தெச்சிக்கிட்டீங்களா?"

கடையில் விலைபோகாமல் கிடந்த ரோசாப்பூத் துணியை எடுத்துப் போட்டார். ஒரு மடிப்புப் போட்டால் ரோசாவுக்கு ஊடாகப் பச்சைத் திட்டுத் தெரிந்தது. இரண்டு மடிப்பு, இரு பக்கமும். தைத்து முடித்ததும் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தார்கள். மறுதட்டில், நான் கையோடு கொண்டுபோன எங்கள் வீட்டுக் கம்பளி. கம்பளி மேலே போயிற்று.

"தராசு பழசு" என்றார் இவர்.

பயணத்துக்கு நானும் போனேன். மலை பார்க்க அல்ல. சாவடியில் இவரைத் தனியே விட்டால், தன் தையல் திறமையை விளக்கப்போய் உள்ளே போய்விடுவார் என்று எனக்குத் தெரியும்.

தெல்தெனிய தாண்டி மலை ஏறும் இடத்தில் வானை மறித்தார்கள். எல்லாரும் இறங்கினோம். மற்றவர்களின் பைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். எங்கள் அட்டைகளைப் பார்த்த பிறகு ரோசாப்பூவை விரிக்கச் சொன்னார்கள். தடுப்பில்லாத போர்வை அல்லவா, தூவி முழுவதும் கால்பக்கம் இறங்கிக் கட்டியாய்க் கிடந்தது. அதே அச்சுச் சீருடையில் பொறுப்பாய் நின்ற காவலர் அதை அமுக்கிப் பார்த்தார்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"போர்வை" என்றார் இவர்.

"போர்வைக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் பொதி?"

இவர் வாய் திறந்தார். "அதாவது, உள்துணி இருக்கிறதே, அது விசேஷமான..." நான் காலை மிதித்தேன். காவலர் கத்தியைத் தேடினார். அவர் வெட்டினால் ரோசாவுக்குப் பின்னால் என்ன வரும் என்பது அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாமவரான ஜவாஹிர் வானின் ரயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.

அப்போது குழுத்தலைவர் எங்களுக்கு உதவி செய்தார். "நேரம் போகிறது. அது இங்கேயே இருக்கட்டும். ஆறுதலாகப் பாருங்கள், திரும்பும்போது எடுக்கிறோம்."

காவலர் இவருடைய அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். போர்வை சாவடிக்குள் போயிற்று.

மலையில் இரண்டு இரவு. நான் எனக்கென்று கொண்டுவந்த வீட்டுக் கம்பளியைப் பங்குபோட்டோம். குளிரவில்லை, இவர் நடுங்கியது வேறு விஷயத்துக்கு. விடியக் காலமை, கூடாரத்துக்கு வெளியே குந்திக்கொண்டு கேட்டார்.

"பாமா, அவங்கள் அவிழ்த்துப் பாத்திருப்பாங்களோ?"

"நீங்கள் போட்ட தையலை அவிழ்க்கத் தேவையில்லையப்பா. பக்கத்தில நிண்டு தும்மினாப் போதும்."

இறங்கி வரும்போது அதே காவலர் நின்றார். எங்கள் இருவரையும் மட்டும் மணல் மூட்டைக்குப் பின்னால் கூப்பிட்டார். கையில் ரோசாப்பூத் துணி, அழகாக மடித்தபடி. உள்ளே ஒன்றும் இல்லை.

"உறை பாரம். அதனால் கழற்றினேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளே இருந்தது எங்கள் துணி மாதிரி இருக்கிறதே?"

இவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கனடாவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் துணி" என்றேன். உண்மை அதுதான், வேறு ஒன்றும் எனக்கு வரவில்லை.

"இங்கே நல்ல குளிர், நோனா" என்றார் காவலர். "உறையைக் கொண்டுபோங்கள். போர்வை என்று ஒன்றை நீங்கள் கொண்டு வரவில்லை. நான் பார்க்கவும் இல்லை." இவருடைய இலக்கம் எழுதிய துண்டைக் கிழித்துக் கீழே போட்டார்.

அத்துடன் வந்திருக்கலாம். நான் திரும்பியும் விட்டேன்.

"மாத்தயா" என்று அவர் என் கணவரைப் பின்னால் இருந்து கூப்பிட்டார். "இரண்டு இரவும் நல்ல நித்திரை. ஆனால் இறகெல்லாம் காலடிக்குப் போகிறது. அதற்கு என்ன செய்வது?"

இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கந்தோரில் இத்தனை வருடத்தில் ஒருவரும் இவரிடம் இப்படி ஒரு யோசனை கேட்டதில்லை. சட்டைப்பையில் இருந்து தையல் சோக்கை எடுத்தார். மணல் மூட்டையின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தடுப்புத் தையலை விளக்கினார். தடுப்பில்லாமல் தைத்தது யார் என்பதைச் சொல்லவில்லை. வான் ஹோர்ன் அடித்தது. இன்னும் ஒரு கோடு பாக்கி என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"இப்போதுதான் உங்கள் மூட்டை பாரமில்லாமல் இருக்கிறது" என்று குழுத்தலைவர் வானுக்குள் சிரித்தார். இவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தார். தப்பி வந்ததை ஒரு சொல் சொல்லவில்லை. "ரெண்டு நாளும் அந்தாள் நல்ல நித்திரையாம் தம்பி. வெட்டுப் பிழையில்லை. தடுப்புத்தான் போடவேணும். இன்னொரு பை தூவி அனுப்பு."

நான் ரிசீவரைப் பறித்தேன்.

"சோதி, தூவியை அனுப்பும். துணி நான் இஞ்ச வாங்குவன்."