பரண்மேல் கிடார்

ரிலாங் விரல்நகத்தை மறுபடியும் நுழைத்துப் பார்த்தான். நேற்று நுனி மட்டும்தான் போயிற்று. இன்று பாதி நகம் போனது. கம்பிகளைத் தாங்கிப் பிடிக்கும் கறுப்புக் கட்டை, புதுக் கிடாரின் பலகையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் கொண்டுவந்தது ஒரு துணிப்பையும் இந்தக் கிடாரும்தான். கடைக்குட்டிப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளைதான் அவள் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். ஷில்லாங்கில் அதைப் புதிதாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்துதான் வந்தான். ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. கழற்றிப் போட்ட செருப்பு வேறு மூலையில் இருந்தது. விரித்து வைத்த குடை மடங்கிக் கிடந்தது. மாமியார் மெரிடா தினமும் வெற்றிலைபாக்குத் தட்டை விருந்தாளிக்கு நீட்டுவதுபோல் இரண்டு கையாலும் நீட்டி, “எடுத்துக்குங்க” என்பாள். அந்த ‘ங்க’ அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. கிடார் ஒன்றுதான் அவனுடையது. இப்போது அதுவும் பிரிகிறது.

மறுநாள் பாடம் நடத்தப் போகும்போதே கிடாரையும் எடுத்துப்போய், பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத் தூக்கிப் போனான். கடைக்காரர் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கட்டைக்கடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினார். பாதிக் கார்டு உள்ளே போயிற்று.

“எங்க வெச்சிருந்தீங்க தம்பி?”

“ரூம்லதான். சுவத்து ஆணியில.”

அவர் கிடாரின் துளையில் மூக்கை வைத்தார். “உங்க ரூம் சுவத்துல கருவாடு காயுமோ?”

ரிலாங் முகர்ந்தான். கரிப்புகை. நடுவே சந்தேகமே இல்லாமல் கருவாடு.

“அடுப்புக்கு மேல படுத்திருக்கு, பசை இளகிடுச்சு. பழைய பசையைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா ஒட்டி இறுக்கி வைக்கணும். ஒரு வாரம் ஆகும். மறுபடி புகை போட்டீங்கன்னா இங்க கொண்டு வராதீங்க. மிளகாய் போட்டு வறுத்துடுங்க.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வீட்டில் காட்டிக் கேட்காமல் அங்கே விட்டுவர மனமில்லை. “நாளைக்குக் கொண்டுவரேன்” என்று கிடாரை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினான். யார் செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஏன் என்பதுதான் வழியெல்லாம் குடைந்தது. பாட்டு பிடிக்கவில்லையா? பாடுகிறவனையா?

ஐதி ஆஸ்பத்திரி வேலையிலிருந்து அப்போதுதான் வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கணவன் பையில் சட்டைகளைத் திணிப்பதைப் பார்த்து நின்றாள்.

“என்ன இது?”

“அம்மா வீட்டுக்குப் போறேன். இங்க என் பாட்டு யாருக்கும் ஆகலைன்னா வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம். கிடாரை அடுப்புல போட்டுத்தான் சொல்லணுமா?”

“அப்ப நான்?”

“நீ உன் வீட்டுலதானே இருக்கே.”

அவள் முகம் சுருங்கியது. “போறதுன்னா மெய்கிட்ட சொல்லிட்டுப் போ. திருட்டுப்பய மாதிரி போகாதே.” அம்மாவை அந்த வீட்டில் மெய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு தோளில் பையும் மறு கையில் கிடாருமாகச் சமையலறைக்குள் நுழைந்தான். மெரிடா கரியை ஊதிக்கொண்டிருந்தாள்.

“மெய், இதை அடுப்புக்கு மேல வெச்சீங்களா?”

“ஆமா” என்றாள், திரும்பாமலே. “நீங்க ஸ்கூலுக்குக் கிளம்பினதும் எடுத்து வெப்பேன். நீங்க வர்றதுக்குள்ள மாட்டிடுவேன். ஏன், இன்னும் ஈரம் போகலையா?”

“ஈரமா?”

“அந்த ரூம்ல என் புருஷன் கோட்டு பூஞ்சை புடிச்சே போச்சு. இந்த மழை எதை விட்டுது?”

அவன் அண்ணாந்து பார்த்தான். மூங்கில் பரணில் விதைச் சோளக் கொத்துகள். செத்துப்போன மாமனாரின் மரச்சீப்பு. கருவாட்டுக் கூடை. அவற்றின் நடுவே ஒரு கிடார் நீளத்துக்கு இடம் ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் அவள் போர்த்திக்கொள்ளும் கட்டம்போட்ட துணி மெத்தைபோல் மடித்துப் போடப்பட்டிருந்தது.

“மீன் வாசம் ஒட்டக்கூடாதுன்னு விரிச்சேன்” என்றாள் மெரிடா.

“ஒட்டிக்கிச்சு மெய். ஒட்டியிருந்த கட்டைதான் பிரிஞ்சுபோச்சு.”

அவள் எழுந்து வந்து இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. “ஐயோ, நானா? கெட்டுப்போகக் கூடாதுன்னு நினைக்கிறதைத்தானே அங்க…”

பாதியில் நிறுத்திவிட்டாள். அடுப்பில் கரி படபடத்தது. ரிலாங்குக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“சரியாயிடும் மெய். ஒட்டித் தரேன்னு கடைக்காரர் சொல்லிட்டார்.”

“அப்ப பை எதுக்கு?”

“அது… கிடாரோட கொண்டுபோக.”

“ஆமா மெய்” என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஐதியின் குரல். “கிடாருக்கு ரெண்டு சட்டை, ஒரு சோப்பு டப்பா.”

மெரிடா பையை அவன் தோளிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

கிடார் கடைக்குப் போனது. மழை விடவில்லை. மாலையில் அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்தால் ரிலாங்கின் விரல்கள் சும்மா இருக்காமல் முக்காலி விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தன. இரண்டு நாள் பொறுத்தாள் மெரிடா. மூன்றாம் நாள் பாக்குக் கூடையையும் கத்தியையும் அவன் மடியில் வைத்தாள்.

“தட்டித் தட்டி என் மண்டை காயுது. வெட்டு.”

‘ங்க’வைக் காணோம். தேடவும் தோன்றவில்லை அவனுக்கு.

நாலாவது பாக்கை வெட்டும்போது பக்கத்து வீட்டுக்காரி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். மெரிடா அசையவில்லை. வந்தவளுக்கு வெற்றிலைபாக்கு நீட்டுவது வீட்டுக்காரர்கள் வேலை. ரிலாங் ஒரு கணம் விழித்தான். பிறகு எழுந்து, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையும் கோணல்மாணலான பாக்குமாக இரண்டு கையாலும் நீட்டினான்.

“எடுத்துக்குங்க” என்றான்.