ஆறடி ஐந்துக்குள்

வெளிநாட்டிலிருந்து வரும் கூடைப்பந்து ஆட்டக்காரனை மணிலாவில் நாங்கள் 'இம்போர்ட்' என்றுதான் சொல்வோம், ஏதோ துறைமுகத்தில் இறங்கிய சரக்கு மாதிரி. அணிக்கு ஒருத்தன்தான். இந்தப் பருவத்தில் அவன் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்கே திரும்பிப் போகும் விமானம்.

எங்கள் அணிக்கு ஆட்ட வீடியோக்களை வெட்டிக் கொடுப்பது என் வேலை. அதனால் மார்விஸ் டில்லார்ட் இங்கே வந்து இறங்குவதற்கு முன்பே அவன் ஆட்டம் எனக்கு மனப்பாடம். அயோவாவில் கல்லூரி அணிக்கு ஆடியபோது கடைசி வருடம் ஆட்டத்துக்குச் சராசரி இருபத்திரண்டு புள்ளி! ஊர்ப் பேருந்தின் பக்கவாட்டில் அவன் படம். ஆனால் அமெரிக்காவின் பெரிய லீக் அவனை எடுக்கவில்லை. பிறகு ஹங்கேரி, சைப்ரஸ், லெபனான், உருகுவே. பதினோரு வருடத்தில் ஒன்பது அணி. திரும்பி, பார்க்காமலே இடது கையால் தூக்கிப் போடுவானே ஒரு பந்து, அதை நான் நூறு முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

கல்லூரிக் கையேட்டில் அவன் உயரம் ஆறடி ஏழு. அதை நாங்கள் நம்பவில்லை, கல்லூரிகள் ஷூவையும் ஆசையையும் சேர்த்துத்தான் எழுதும். வெறுங்காலில் சரியாக ஆறடி ஐந்து அங்குலம் என்றான் அவன் ஏஜென்ட். ஒரு நூல் கூடினாலும் போச்சு.

திட்டம் இதுதான்: மாலை நான்கு மணிக்கு அளவு. அதுவரை அவனை உட்கார விடக் கூடாது. நாள் முழுக்க நின்றால் முதுகெலும்பு அமுங்கும், மனிதன் மாலையில் குட்டையாகிவிடுவான். இங்கே எல்லா அணியும் செய்கிற வேலை. ஆனால் காலை ஏழு மணிக்கு லீக்கிலிருந்து தொலைபேசி: அளவு ஒன்பதுக்கே. மார்விஸோ ஒன்பது மணி நேரம் நீட்டிப் படுத்துத் தூங்கி அப்போதுதான் எழுந்து வருகிறான்.

எங்கள் மேனேஜர் நொனோய் ஐம்பது கிலோ அரிசி மூட்டையோடு வந்து நின்றார்.

"இது என்ன, காலை டிபனா?" என்றான் மார்விஸ்.

"தோள்ல வைங்க குயா. அஞ்சு மாடி ஏறி இறங்கணும்" என்றேன். மூத்தவன், அண்ணன் முறை, வேறெப்படிக் கூப்பிடுவது?

"ஐரா, நீ வீடியோ வெட்டுற பொண்ணா, இல்ல சிறை அதிகாரியா?"

வாகன நிறுத்தத்தின் சரிவில் அவன் ஏறினான். காவலாளி கை தட்டினார். "பாஸ், வீட்டுக்கு டெலிவரி உண்டா?"

மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினான். "எனக்குப் பதிலா தைபேல ஒருத்தன் பெட்டி கட்டி ரெடியா இருக்கானாமே?"

"நான் கேள்விப்படல குயா" என்று பொய் சொன்னேன்.

"எட்டு மாசமா என்னை யாரும் கூப்பிடல. இது போச்சுன்னா ஊர்ல கிடங்கு வேலைதான். மச்சான் எடம் பாத்து வச்சிருக்கான்." மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறினான்.

லீக் அலுவலகத்தில் அளப்பவர் மாங் செலோ. பெரியவர், கறார். சுவரில் அளவுகோல், மேலே சறுக்கும் பலகை. மார்விஸ் வெறுங்காலோடு நின்றான். முட்டி லேசாக மடங்கியிருந்தது.

மாங் செலோ முட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். "நிமிருப்பா. பதினெட்டு வருஷமா இந்தக் கூத்தத்தான் பாக்குறேன்."

மார்விஸ் நிமிர்ந்தான். பலகை இறங்கித் தலையில் நின்றது.

"ஆறடி நாலேகால்."

நொனோய் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். "அரிசி! எல்லாம் அரிசி!"

"அரிசி கால் அங்குலம் கொறைக்கும். முக்கால் கொறைக்காது" என்றார் மாங் செலோ. "முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கா தம்பி?"

"ரெண்டு."

"அதான் குட்டையாயிட்ட."

மார்விஸ் சுவரை விட்டு நகரவில்லை. "இன்னொரு தடவ அளங்க."

"டேய், பாஸாயிட்டப்பா! வா!" நொனோய் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"சத்தியமா இது நான் இல்ல. அளங்க சார்."

மாங் செலோ தோளைக் குலுக்கினார். ஃபெயில் ஆவதற்காகக் கேட்கிற முதல் இம்போர்ட் இவன்தான் என்றார். மார்விஸ் குதிகாலைச் சுவரில் ஒட்டினான். கழுத்தை நீட்டினான். மூச்சை இழுத்துப் பிடித்தான். கன்ன நரம்பு புடைத்தது. நொனோய் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார்.

"நாலேகால்" என்றார் மாங் செலோ. இந்த முறை மெதுவாக.

மார்விஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். நொனோய் தைபேக்கு ஃபோன் செய்து, வேண்டாம் என்று சொன்னார். நான் வேனில் மார்விஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்ஸா சாலையில் வண்டி நகரவே இல்லை.

"வெள்ளிக்கிழமை ஆட்டத்துல நான் யாரைத் தடுக்கணும்?" என்றான் திடீரென்று.

பெயரைச் சொன்னேன். இருபத்தாறு வயது, செனகல்காரன்.

"எவ்ளோ உயரம்?"

"சரியா ஆறடி அஞ்சு, குயா."

"அப்போ என்னைவிட ஒசரம்." கையை நீட்டினான். "அவன் வீடியோவக் காட்டு. எந்தக் கால்ல எம்புறான்னு பாக்கணும்."

மடிக்கணினியைத் திறந்து அவன் பக்கம் திருப்பினேன்.