வாலாட்டாத நாய்

சவப்பெட்டியின் முன்பிடி டேலின் கையில் இருந்தது. தேவாலயப் படியிறங்கி வண்டியை நோக்கி நடக்கும்போதுதான் வெர்னாவின் பச்சைக் கார் வந்து நின்றதைப் பார்த்தான். பின்சீட்டில் நாய், ஓட்டிஸ். திருப்பிக் கொண்டுவந்து விடுவதற்கு இவளுக்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

பெட்டிக்குள் இருப்பவள் அவன் அம்மா ஆர்லிஸ். ஊர்க் காப்பகத்துக்கு வந்துசேரும் கைவிடப்பட்ட நாய்களுக்கு வரன் பார்ப்பதுபோல் வீடு பார்த்தவள். கேட்டு வருபவர்களின் சமையலறையில் போய் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். பிடிக்கவில்லையென்றால் போதகருக்கே நாய் கிடையாது. உண்மையிலேயே ஒருமுறை போதகரைத் திருப்பி அனுப்பினாள்.

கொடுத்த நாயைப் பிறகு கடைத்தெருவில் எங்காவது பார்ப்பாள். அது வாலாட்டிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தால் அன்றிரவு சாப்பாடு இறங்காது. "இன்னும் என்னையே தேடுதுன்னா அந்த வீடு சரியில்லடா" என்பாள். வளர்ப்பவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தால் போதும், பாட்டுப் பாடிக்கொண்டே சமைப்பாள்.

ஓட்டிஸை இரண்டு வீடுகள் வேண்டாமென்று திருப்பிவிட்டன. பனிக்காலம் முழுக்க டேலின் கட்டிலோரம்தான் படுத்துக் கிடந்தான். பெரிய தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்றாள் காப்பகத் தலைவி காரின். அம்மா வெர்னாவுக்குக் கொடுத்தாள். பள்ளி பஸ் ஓட்டுகிறவள், கடை மாடியில் ஒற்றை அறை.

"அவ மனுஷங்ககிட்டயே எரிஞ்சு விழுவா, ஆர்லிஸ்."

"நாய்கிட்ட விழமாட்டா. பகலெல்லாம் பிள்ளைங்க கூச்சலக் கேட்டுட்டு வர்றவ, வீட்ல ரேடியோகூட போடமாட்டா. சத்தம் கேட்டாலே நடுங்குற நாய்க்கு அந்த அமைதி போதும். இடத்த வச்சு என்ன பண்ணப் போறான்?"

"அவன் திரும்பி வந்தா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

ஏரியில் உறைபனி உடைந்தபோது அவனைக் கொடுத்தாள். கோடையில் படுக்கையில் விழுந்தாள். இந்தத் திங்கட்கிழமை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஓட்டிஸ் திரும்பி வந்துட்டானாடா?"

"இல்லம்மா."

"சரி" என்றாள். அதற்குப்பின் அவள் பேசவில்லை.

பெட்டியை வண்டிக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் காப்பகத் தலைவி காரின் நின்றாள்.

"பாத்தியா? நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

வெர்னா நாயை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் ஓட்டும்போது போடும் அதே தடித்த மேல்கோட்டுதான், ஆனால் தலையைப் படிய வாரியிருந்தாள்.

"திருப்பி விட வந்தீங்களா?" என்றான் டேல்.

"யாரத் திருப்பி விடறது? உனக்கென்ன கிறுக்கா? உங்கம்மாவ வழியனுப்ப வந்திருக்கோம். இவன விட்டுட்டு வரலாம்னு பாத்தா படிக்கட்டுல குறுக்கப் படுத்துட்டான், கழுத."

டேல் ஈர மண்ணில் மண்டியிட்டான்.

"ஓட்டிஸ், வாடா. இங்க வா."

நாய் மூக்கை நீட்டி மோந்தது. அவனைத் தெரிந்துதான் இருந்தது. காது நிமிர்ந்தது. பிறகு மெல்லப் பின்வாங்கி வெர்னாவின் காலுக்குப் பின்னால் போய்ச் சாய்ந்துகொண்டு, அங்கிருந்து எட்டிப் பார்த்தது.

வெர்னாவின் முகம் சிவந்துவிட்டது. "டேய், சோறு போட்டவன்டா! தப்பா எடுத்துக்காதப்பா, இவனுக்கு மரியாதையே தெரியல."

டேல் வாய்விட்டுச் சிரித்தபடி எழுந்தான். அவன் அப்படிச் சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"பாத்தீங்களா, காரின்?"

காரின் தன் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

வண்டிக்காரர் பின்கதவைச் சாத்தப் போனார். "ஒரு நிமிஷம் இருங்க" என்று டேல் கதவைப் பிடித்துக்கொண்டான். உள்ளே குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"கூப்ட்டேம்மா. வரமாட்டேங்கறான்" என்றான், வாசலில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி.